கூரை பிரித்த வருஷம்

மேஸ்திரி கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. மணல் எங்கே கொட்டுவது, தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்பார் என்று நினைத்தேன். பூசை போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த மனிதர் என் மாமியாரைப் பார்த்து, "யம்மா, வூட்ல யாராச்சும் முழுகாம கீறாங்களா? கீறாங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. அப்பால பேஜாராப் பூடும்" என்றார்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் மண்ணைத் தோண்டக் கூடாது, கூரையில் கை வைக்கக் கூடாது, கான்கிரீட் போடக் கூடாது, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. மீறினால் பிள்ளை தங்காது. தங்கினாலும் எங்காவது ஊனத்தோடு பிறக்கும். இது செங்கல்பட்டுப் பக்கத்து சாங்கியம் மட்டுமில்லை, நாங்கள் பிறந்து வளர்ந்த விருதுநகர்ப் பக்கத்திலும் இதேதான். அதனால் மேஸ்திரி கேட்டதில் தப்பில்லை. அத்தை சொன்ன பதில்தான் சுருக்கென்று தைத்தது.

"அந்தக் கொடுப்பினை இருந்தா நான் ஏன்யா மாடி கட்டுறேன்? தொட்டில்ல கட்டிக்கிட்டிருப்பேன்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெற்றிலை பாக்குத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். தட்டை அப்படியே மணலில் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறிவிடலாமா என்று வந்தது. ஏறி எங்கே போவது? அம்மா இல்லை. அப்பா அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தார். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கணவருக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. புதுப்பட்டினத்தில் கடல் காற்று படும் தூரத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாங்கியிருந்தோம். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு சின்ன அறை. கூடத்துக்கு மேலே பலகை போட்ட ஒரு பரண். அறை அத்தைக்கு. நாங்கள் இருவரும் கூடத்தில், ஒரு புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு. கல்யாணமாகி ஆறேழு வருஷம் இப்படியேதான் ஓடியது. அதற்குள் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டு முறையும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் போட்டுச் சொல்லி, பிறகு இல்லை என்றும் கடிதம் போட்டுச் சொன்னோம். இரண்டாவது கடிதத்தை எழுதுவதற்கு உலகத்தில் எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது. என் கணவர்தான் எழுதினார். நான் ஸ்டாம்ப் ஒட்டினேன்.

பரணை எடுத்துவிட்டு, ஓட்டைப் பிரித்துவிட்டு, தளம் போட்டு, மேலே ஓர் அறை எழுப்பிவிட்டால் எங்களுக்கென்று ஒரு கதவு கிடைக்கும் என்பது என் கணவரின் கனவு. மேஸ்திரி, "ஆடி பொறக்கறதுக்குள்ள சாவிய கைல குட்த்துடறேன் சார்" என்றார். நாங்கள் நம்பினோம். படித்தவர்கள் ஏமாறுவதைப் போல வேறு யாராலும் அவ்வளவு முழுசாக ஏமாற முடியாது.

வைகாசியில் ஓட்டைப் பிரித்தார்கள். ஒரே காலை நேரத்தில் வீடு மொட்டையாகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கும்போது என் அடுப்புக்கு மேலே ஆகாயம் இருந்தது, ஒரு காக்கை சுவரில் உட்கார்ந்து என் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பரணும் போயிற்று. மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பகலெல்லாம் வீட்டுக்குள் எல்லாமே நீலமாகத் தெரியும். தட்டில் போட்ட சோறுகூட நீலம். காற்றடித்தால் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அது ஒரு விதத்தில் நல்லதாகவும் இருந்தது.

அடுத்த வாரம் மேஸ்திரி சுவரைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார். உள்ளே சிமெண்ட் இல்லை. வெறும் களிமண் பூச்சு வைத்து அடுக்கிய செங்கல். "இது மேல தளம் போட்டா ராவோட ராவா அல்லாரும் சமாதிதான் சார்" என்றார். இதை ஓட்டைப் பிரிக்கும் முன் தட்டிப் பார்த்தால் என்னவாம் என்று நான் கேட்டேன். என் கணவர் என்னை முறைத்தார். மூலைக்கு மூலை தூண் எழுப்ப வேண்டும் என்று முடிவாகி, கூடத்தின் நான்கு மூலையிலும் இடுப்பளவு குழி தோண்டினார்கள். நாங்கள் குழிகளுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்தோம். அத்தை எங்கே புரண்டு விழுந்துவிடுவாரோ என்று அவரை அவர் அறையிலேயே கட்டிலோடு அடைத்துவிட்டோம். குழியில் உப்புத்தண்ணீர் ஊறியது. தவளை வந்தது. வேறு வீட்டுக்கு வாடகைக்குப் போகலாமே என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "கூரையப் பிரிச்சுப் போட்ட வீட்ட அனாதையா விட்டுட்டு வரமாட்டேன்" என்று அத்தை ஒரே பிடியாக நின்றார்.

பிறகு ஆடி வந்துவிட்டது. ஆடியில் புது வேலை தொடங்க மாட்டார்கள். தூணுக்குக் கம்பி கட்டியதோடு ஆட்கள் எல்லாரும் கூழ் ஊற்றவும் காவடி எடுக்கவும் போய்விட்டார்கள். கம்பிகள் கூடத்து மூலைகளில் ஆளுயரத்துக்கு நின்றன. என் புடவைகள் எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் அதில் மாட்டிக் கிழிந்தன. சிமெண்ட் தூசி தலைமயிரில் படிந்து, வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்களுக்கு நரைச்சிருச்சா?" என்றாள். அன்றைக்கு முழுவதும் யாருக்கும் கணக்கு வரவில்லை, எனக்கும்தான்.

அந்த ஆடியில்தான் எனக்குத் தள்ளிப்போனது.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். பழைய கதை எல்லாம் அவருக்குத் தெரியும். "இந்த முறை விடக் கூடாது" என்றார். "தண்ணி தூக்காதே. ஏறி இறங்காதே. முடிஞ்சவரைக்கும் படுத்தே இரு. மூணு மாசம் தாண்டட்டும்." நான் தலையாட்டினேன். படுப்பதற்கு எந்தக் குழியைத் தேர்ந்தெடுப்பது என்று அவரிடம் கேட்கவில்லை.

புது பஸ் ஸ்டாண்டில் என் கணவர் எனக்காகக் காத்திருந்தார். சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆகாயத்தைப் பார்த்தார். அதற்காக அவரை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் பார்த்ததன் அர்த்தம் எனக்கும் புரிந்தது. அத்தையிடம் சொன்னால் அந்த நிமிஷமே வேலை நிற்கும். மேஸ்திரியும் வீட்டுப்படி மிதிக்க மாட்டார். ஐப்பசி பிறந்தால் எங்கள் கடற்கரையில் மழை எப்படிப் பெய்யும் என்று ஊருக்கே தெரியும். கூரையில்லாத வீட்டில் மூன்று மாதத்துக் கருவை வைத்துக்கொண்டு, அந்த மழையில் என்ன செய்வது?

"தளம் மட்டும் போட்டுறட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

"தப்பாப் போச்சுன்னா?"

இரண்டு பேருக்கும் அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. இந்த முறை எழுத வேண்டியிருந்தாலும் யாருக்கும் எழுத வேண்டாம், நமக்குள்ளேயே வைத்துக்கொள்வோம் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. அதனால் சரி என்றேன்.

மறைப்பது என்று முடிவு செய்தபின்தான் ஒரு விஷயம் உறைத்தது. அத்தை வீட்டில் மாதாமாதம் தீட்டென்றால் மூன்று நாள் ஒதுங்கி உட்கார வேண்டும். நான் உட்காராவிட்டால் அத்தை நாளைக் கணக்குப் பார்த்துவிடுவார். ஆகவே இல்லாத தீட்டுக்கு நான் போய் ஒதுங்கி உட்கார்ந்தேன். கொல்லையில் பிரித்த ஓடுகளை அடுக்கியிருந்த சாய்ப்பில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. யாரும் என்னைத் தண்ணீர் தூக்கச் சொல்லவில்லை, சமைக்கச் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்ன ஓய்வு அங்கேதான் எனக்குக் கிடைத்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, இல்லை இல்லை என்று ஊருக்கு நாடகம் ஆடுகிறேனே, அது காதில் விழுந்து இதுவும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்று பயந்தேன். யாரும் பார்க்காதபோது வயிற்றைத் தொட்டு, "சும்மா சொல்றேன்" என்று சொல்லிக்கொள்வேன்.

மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ள எழுந்தேன். "இரு, இரு" என்றார் அத்தை. "உடம்பு வெளுத்துக் கெடக்கு. இந்தத் தடவ அஞ்சு நாள் உக்காரு." அவருக்கு எங்கிருந்து இந்தக் கரிசனம் என்று யோசித்தேன். தூசியும் சத்தமும் சேர்ந்து கிறுக்குப் பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். தூண் எழும்பியது. செண்ட்ரிங் அடித்தார்கள், தளத்தைத் தாங்குவதற்குக் கூடம் முழுக்கச் சவுக்குக் கட்டைகளை நட்டு, மேலே பலகை பரப்பினார்கள். கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு கட்டை. கூடத்தில் நேராக நடக்க முடியாது, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு ஆணி அறையும்போதும் அந்தச் சாங்கியம் ஞாபகம் வரும். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. பிள்ளைகளுக்கு நிரூபணம் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனாலும் சுத்தியல் சத்தம் கேட்டால் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

ஒருநாள் மணல் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். சித்தாள் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சதுரங்கப்பட்டினத்துக்காரி, என்னைவிடச் சின்னவள், புடவைக்கு மேலே அழுக்குச் சட்டை போட்டிருப்பாள்.

"எத்தினி மாசம்க்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பித்தம்."

"எனக்கும் பித்தந்தான்க்கா. ஆறு மாசமா கீது" என்று சட்டையை இழுத்துவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் அவள் வயிற்றைக் கவனித்தேன். தினமும் அந்த வயிற்றோடு செங்கல் சுமந்து சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி ஒண்ணும் சொல்லலையா?"

"வூட்டுக்காரங்களுக்குத்தானேக்கா அந்த சாங்கியம்? இது இன்னா என் வூடா?" என்று சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிக்கொண்டு போனாள். யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

கான்கிரீட் போடும் நாள் வந்தது. எங்கள் சந்து குறுகல். ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் மணல், நடுவில் வாசலை அடைத்துக்கொண்டு கலவை மெஷின். அன்றைக்கு ஆட்களுக்கெல்லாம் சாப்பாடு போட வேண்டும். நானும் அத்தையும் சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து காய் நறுக்கினோம். தலைக்கு மேலே தடதடவென்று கால்கள். பலகை இடுக்கில் சிமெண்ட் பால் சொட்டியது. கூடத்துப் பக்கம் போட்டு முடித்து, சமையலறைப் பக்கம் நகரும் நேரம். நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட எழுந்தேன். தொடையில் சூடாக ஏதோ வழிந்தது.

எனக்கு அது என்னவென்று தெரியும். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கத்த நினைத்தேன். கத்தினாலும் அந்த மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். கான்கிரீட் சட்டியோடு வந்த அந்தச் சித்தாள்தான் பார்த்தாள். சட்டியைக் கீழே போட்டுவிட்டு, "யோவ், மிஷினை நிறுத்துய்யா! அக்காவுக்கு ரத்தமா போவுது!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

மெஷின் நின்றது. அந்த அமைதியை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. என் கணவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார், அசையாமல் நின்றார். மேஸ்திரி ஓடி வந்தார், என்னைப் பார்த்தார், எல்லாம் புரிந்து தலையில் கைவைத்துக்கொண்டார். புதுப்பட்டினத்து முனையில் வாடகைக் கார் நிற்கும். அது வாசலுக்கு வர வேண்டுமென்றால் மெஷினை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் பாதியில் வேலை நிற்கும்.

"பாதில நின்னா ஜாயிண்ட் புடிக்காது சார். ஆயுசுக்கும் ஒழுவும். ஒரு அர மணி நேரம் குடுங்க..." என்று மேஸ்திரி என் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் தொழில் அது.

அத்தை கட்டைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தார். கையில் காய் நறுக்கிய அரிவாள்மணை அப்படியே இருந்தது. "ஒழுகட்டும்! இடிஞ்சே விழட்டும்! மிஷினத் தள்ளுங்கடா!" என்று ஆடிவிட்டார். அத்தனை ஆட்களும் சேர்ந்து மெஷினை மணலில் தள்ளினார்கள். பாதிக் கலவை அதற்குள்ளேயே இறுகிப்போனது.

காரில் என் தலை அத்தையின் மடியில் இருந்தது. கால் மாட்டில் என் கணவர். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அத்தை என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும் தாயி" என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன்.

"நீ பொய்யாப் போய் ஒதுங்கி உக்காந்தியே, அன்னைக்கே தெரியும். ரெண்டு நாள் கூட உக்காரவச்சேன், படுத்துக் கெடக்கட்டும்னு. வேலைய நிறுத்துன்னு நானே சொல்லிருக்கணும். மழ வருதே, மேல ஒண்ணுமில்லையேன்னு வாய மூடிட்டேன். தெரிஞ்சே செஞ்சேன். சாமி என்னைய எடுத்துக்கட்டும், இத விட்டுறட்டும்." என் கணவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேர் அவரிடம் மறைத்தோம், அவர் எங்களிடம் மறைத்தார். எனக்காவது அந்தச் சாங்கியத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்ள வழியிருந்தது. அத்தைக்கு அதுவும் இல்லை.

ஸ்கேனில் துடிப்பு இருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, அத்தையையும் திட்டவில்லை. பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். மறுநாள் மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "கேட்டேன் இல்லம்மா? இல்லைன்னு சொன்னீங்களேம்மா" என்று அத்தையிடம் குறைப்பட்டுக்கொண்டார். "நீ கேட்டப்ப இல்லய்யா" என்றார் அத்தை. மீதித் தளத்தைப் பிள்ளை பிறந்த பிறகுதான் போடுவேன், அதுவரை அந்த வீட்டில் கை வைக்க மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். செண்ட்ரிங் கட்டைகளைக்கூடப் பிரிக்கவில்லை. பலகையும் கட்டையும் வாடகைக்கு விட்டவர் வாரா வாரம் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்.

அப்படியாக அந்த ஐப்பசி வந்தது. கூடத்துக்கு மட்டும் தளம், சமையலறைக்கும் அத்தையின் அறைக்கும் தார்ப்பாய். என் கட்டிலைச் சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே, தளம் இருந்த கூடத்தில் போட்டார்கள். அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு சமைத்தார். புயல் எச்சரிக்கை வந்தால் என் கணவர் தார்ப்பாயைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார். ஓர் ஆணி அடித்தால் அசையாமல் நிற்கும், அத்தை அடிக்க விடமாட்டார். அதனால் ஒவ்வொரு முறையும் அது பிய்த்துக்கொண்டு போகும். அத்தையின் அறையில் கணுக்கால் வரை தண்ணீர். "கட்டில இங்க இழுத்துப் போட்டுக்கோங்க அத்தை" என்றால், "ஒங்கிட்ட இடமெங்க இருக்கு? கட்டையா நிக்கு" என்பார். நனைந்த பாயைத் திருப்பிப் போட்டு அதிலேயே படுப்பார். தளம் பாதியில் நின்றுபோன விளிம்பில் தண்ணீர் கோடு போட்டதுபோலக் கசிந்து, என் கால்மாட்டில் சொட்டியது. அதன் கீழே ஒரு வாளி.

நான் மல்லாந்து படுத்து அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. பிள்ளை அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். எந்த ஆணி, எந்தக் கடப்பாரை, எந்தக் குழி அதன் மேல் பட்டிருக்கும் என்று கணக்கு டீச்சரான நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை. மார்கழியில் மேஸ்திரி தெருவில் போனபோது சித்தாளைப் பற்றி என் கணவரைக் கேட்கச் சொன்னேன். "அதுக்கு ஆம்பளப் புள்ள. அப்பவே வேலைக்கு வந்துடுச்சே" என்றாராம்.

அத்தை காரில் பேசியதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை வேளாவேளைக்குச் சாப்பிட வைத்தார், என் காலைப் பிடித்துவிட்டார், பிள்ளைக்கு ஒரு துணிகூடத் தைக்கவில்லை. பெயர் யோசிக்கலாமா என்று என் கணவர் ஒருமுறை ஆரம்பித்தார். "பொறக்கட்டும்" என்று அத்தை எழுந்து போய்விட்டார்.

பங்குனியில் செங்கல்பட்டில் பெண் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றி அத்தை கையில் கொடுத்தார். யாரைப் போல இருக்கிறாள் என்று எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காலிக் கட்டிலில் குழந்தையைக் கிடத்தி, நர்ஸ் தடுக்கத் தடுக்கத் துணியைப் பிரித்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். உள்ளங்கால், அக்குள், காது மடலுக்குப் பின்னால், வாய்க்குள் விரல் விட்டு அண்ணம், திருப்பிப் போட்டு முதுகெலும்பு. குழந்தை வீல் வீலென்று கத்தியது. அத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தார். எங்கேயும் ஒன்றும் இல்லை. பிறகு அந்த ஆஸ்பத்திரித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இழவு வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.